408-க்கு முப்பத்தொரு பெயர்

எங்கள் அலுவலகத்தில் ஓர் ஆளுக்கு முப்பத்தொரு பெயர் இருந்தது. அதில் ஒன்றுகூட அந்த ஆளின் பெயர் இல்லை. இதைக் கண்டுபிடித்தது நான்தான் என்று மார்தட்டிக்கொள்ளலாம். ஆனால் அந்த முப்பத்தொன்றில் ஒன்று நான் வைத்த பெயர்.

அலுவலகத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். மலாய் நாட்டு ஜார்ஜ்டவுனில், பீச் ஸ்ட்ரீட்டில் ஆறு மாடிக் கட்டடம். கப்பலில் வரும் போகும் சரக்குக்குத் தாள் வேலை பார்க்கும் நிறுவனம். இருநூற்றுப் பத்துப் பேர். இத்தனை பேரின் கம்ப்யூட்டர், பிரிண்டர், போன் எல்லாவற்றுக்கும் நான் ஒருத்தி. பெயர் சுபாஷினி. மூன்றாம் மாடியில் செத்துப்போன பிரிண்டர்களுக்கும் கால் உடைந்த நாற்காலிகளுக்கும் நடுவே ஒரு மேசை போட்டு, கதவில் 'கணினிப் பிரிவு' என்று ஒட்டியிருக்கிறார்கள். பிரிவு என்றால் நான், ஒரு மின்விசிறி, ஒரு சர்வர்.

மேசைப் போன்கள் பதினைந்து வருடத்துப் பழசு. ஒவ்வொரு போனும் தனக்கென்று தனி ஞாபகம் வைத்திருந்தது. சுங்க அலுவலகத்து ஆளின் எண் எங்களுடன் வேலை பார்க்கும் ஷர்மினியின் போனில் மட்டும்தான் இருக்கும். ஷர்மினிக்குப் பிரசவ வலி வந்த அன்று எங்கள் கண்டெய்னர் இரண்டு பட்டர்வொர்த் துறைமுகத்தில் நாள் முழுக்க நின்றன. கோலாலம்பூர் தலைமை அலுவலகத்துக்கு அது போதுமானதாக இருந்தது. எல்லாருக்கும் புதுப் போன், எல்லாருக்கும் பொதுவாக ஒரே முகவரிப் புத்தகம் என்று உத்தரவு வந்தது.

அந்தப் பொதுப் புத்தகம் டைரக்டரி சர்வர் என்ற ஒன்றில் இருக்கும். பெயர், பிரிவு, எண், மின்னஞ்சல் எல்லாம் ஒரே இடத்தில். எந்தப் போனில் யார் பெயரைத் தட்டினாலும் போன் அந்தச் சர்வரைக் கேட்கும், சர்வர் எண்ணைச் சொல்லும். கேட்பதற்குச் சுலபம். அமைப்பதற்கு எனக்கு ஏழு வாரம் பிடித்தது.

ஏழு வாரத்தில் இரண்டு வாரத்தைத் தின்றது ஒரே ஒரு கட்டம். இந்தச் சர்வர் ஓர் ஆளைப் பதிவு செய்ய இரண்டு விஷயம் கட்டாயம் கேட்கும். ஒன்று முழுப்பெயர், இன்னொன்று குடும்பப் பெயர். இரண்டில் ஒன்று காலியாக இருந்தாலும் அந்த ஆளை உள்ளே விடாது. குடும்பப் பெயர் உள்ளவர்கள் உட்கார்ந்து எழுதிய விதி அது. சீனர்களுக்குப் பிரச்சினை இல்லை. நமக்கு ஏது குடும்பப் பெயர்? அடையாள அட்டையில் இருப்பது நம் பெயர், நடுவில் மகன் மகள் என்பதற்கு மலாயில் இரண்டு எழுத்து, பிறகு அப்பா பெயர். ராமதாஸ் அனுப்பிய ஊழியர் பட்டியலை ஏற்றினால் பதினேழாவது வரியிலேயே சர்வர் முரண்டு பிடித்து நின்றுவிட்டது.

ராமதாஸ் எங்கள் நிர்வாக மேலாளர். பட்டியல் எல்லாம் அவருடையது. சரி, அப்பா பெயரையே குடும்பப் பெயராகப் போட்டுவிடலாம் என்று போட்டேன். மறுநாள் காலையில் சோதனைக்காக அவர் மேசையில் வைத்த புதுப் போனில் 'சின்னப்பன்' என்று மின்னியது. மூன்று மாடி இறங்கி என் அறைக்கே வந்துவிட்டார். "எங்கப்பா செத்து பன்னெண்டு வருஷம் ஆச்சு. அவருக்கு எதுக்குமா போன் குடுத்திருக்கே?" என்றார். அப்பா பெயர் இல்லாவிட்டால் அந்தக் கட்டத்தில் என்ன போடுவது என்று கேட்டேன். "ரெண்டுலயும் என் பேரையே போடு. நான் ராமதாஸ். முன்னாலயும் ராமதாஸ், பின்னாலயும் ராமதாஸ்" என்றார். அப்படியே போட்டேன். சர்வர் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது. இருநூற்றுப் பத்துப் பேரில் அவருக்கு மட்டும் அந்தச் சலுகை.

அடுத்த வேலை, பழைய போன்களின் ஞாபகத்தைக் கறப்பது. லாரிக்காரர்கள், சுங்கத்துறை, துறைமுகம் என்று வெளி எண்கள் எல்லாம் அந்தப் போன்களுக்குள்தான் கிடந்தன. ஒவ்வொரு மேசையாகப் போய் உட்கார்ந்து, ஒவ்வொரு பெயராகப் பார்த்துக் குறித்துக்கொண்டேன். அப்போதுதான் 408 கண்ணில் பட்டது.

408 கட்டடத்துக்குள்ளேயே பேசும் கையடக்கப் போன். சுத்தம் செய்யும் அக்காவின் ஏப்ரனில் இருக்கும். காப்பி கொட்டினால், கழிப்பறை அடைத்தால், யாராவது வாந்தி எடுத்தால் 408. முப்பத்தொரு போனில் அந்த எண் இருந்தது. பழைய போனில் பன்னிரண்டு எழுத்துக்கு மேல் போட முடியாது என்பதால் ஒவ்வொருவரும் சுருக்கமாக யோசித்திருந்தார்கள். கிளீனர். மாக்சிக், அதாவது மலாயில் அத்தை. சாப்பு, அதாவது மலாயில் கூட்டுவது. மாப். பக்கெட். ஆயா. தேத்தண்ணி. ஈரம். நாலாம் மாடியில் ஒரு புண்ணியவான் 'ஓய்' என்று வைத்திருந்தான். ராமதாஸின் போனில் 'டாய்லெட்'. என்னுடையதில் 'பான்ட்ரி', தேத்தண்ணி போடும் அறையின் பெயர்.

மூன்று வருடமாக நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுகிறேன். என் மேசைக்கு அடியில் கிடக்கும் கம்பிகளை ஒரு கையால் தூக்கிப் பிடித்து, மறு கையால் துடைத்து, எது எங்கே இருந்ததோ அங்கேயே வைக்கிறவர். என் அம்மாவுக்கு முட்டிவலி என்று அவருக்குத் தெரியும். நான் கெட்டிப் பாலைக் குறைத்துக் குடிப்பேன் என்று தெரியும். அவர் பெயர் எனக்குத் தெரியாது. அக்கா என்று கூப்பிட்டுவிட்டால் பெயர் கேட்கத் தேவையில்லை, நமக்கு இருக்கும் வசதி அது. உறவு சொல்லிக் கூப்பிடுகிறோம் என்ற பெருமையிலேயே ஒருத்தர் பெயரைக் காலத்துக்கும் கேட்காமல் இருந்துவிடலாம். வெட்கமாக இருந்தது. முப்பத்தொரு பெயரையும் ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு கீழே போனேன்.

தரைத்தளத்தில் பின்பக்கப் படிக்கட்டுக்குக் கீழே அவர்களின் சாமான் அறை. அக்கா மாப் பிழிந்துகொண்டிருந்தார். நீலச் சட்டை, நெஞ்சில் ஒரு பட்டை. பட்டையில் அவரை அனுப்பிய காண்ட்ராக்ட் நிறுவனத்தின் பெயர் மட்டும் இருந்தது. அவர் பெயரைக் கேட்டேன்.

"எதுக்கு? யாராச்சும் கம்ப்ளெய்ன் பண்ணிட்டாங்களா?" என்றார்.

இல்லை, புதுப் போன் புத்தகத்துக்கு என்றேன். அக்கா கையைத் துடைத்துக்கொண்டு, "தனலெட்சுமி" என்றார். என் கையில் இருந்த தாளை நீட்டச் சொல்லி வாங்கி, முப்பத்தொன்றையும் நிதானமாகப் படித்தார். இதில் உன்னுடையது எது என்று கேட்டார். காட்டினேன். "பான்ட்ரி பரவால்லலா" என்றார். அவர் சிரிக்கவில்லை. தாளை நாலாக மடித்து ஏப்ரன் பையில் வைத்துக்கொண்டார்.

அப்புறம் படியில் உட்கார்ந்து, போன மார்ச் மாதத்தில் நடந்ததைச் சொன்னார். அவர் கணவர் வேலுவுக்கு ஜெலுத்தோங்கில் ஒரு பட்டறையில் வேலை. காலை பத்தரைக்கு வலது கை இயந்திரத்துக்குள் போய்விட்டது. பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். விரல்களை எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்ல, பெண்டாட்டி வரட்டும் என்று வேலு சொல்லியிருக்கிறார். தனலெட்சுமியின் சொந்தப் போன் லாக்கரில் இருந்தது. வேலை நேரத்தில் சொந்தப் போன் வைத்திருக்கக் கூடாது என்பது காண்ட்ராக்ட் நிறுவனத்தின் சட்டம். ஆகவே நர்ஸ் எங்கள் அலுவலகத்தின் பொது எண்ணுக்குக் கூப்பிட்டார். தனலெட்சுமி என்று ஒருவர் அங்கே வேலை செய்கிறாரே, அவசரம், கூப்பிடுங்கள் என்றார்.

போனை எடுத்தவர் வரவேற்பு மேசையில் இருக்கும் நூர்ஜான். ஊழியர் பட்டியலைப் பார்த்தார். த வரிசையில் இல்லை. அப்படி ஒருவர் இங்கே இல்லை என்று சொல்லி வைத்துவிட்டார். அரை மணி கழித்து நர்ஸ் மறுபடி கூப்பிட்டார். நூர்ஜான் மறுபடி பட்டியலைப் பார்த்தார். மறுபடி அதே பதில். நூர்ஜான் கெட்ட ஆள் இல்லை. அன்றைக்கு மட்டும் அவரே 408-க்கு நாலு தடவை கூப்பிட்டிருக்கிறார், வாசலில் யாரோ குடையை உதறிவிட்டார்கள் என்று. அந்த 408-தான் தனலெட்சுமி என்று அவருக்குத் தெரியாது. அவர் போனில் அது 'மாக்சிக்'.

"ரெண்டு மணி நேரம் பாத்துட்டு, எடது கை பெருவெரல்ல மை தடவி அவரே ரேக வச்சிருக்காரு. மூணு வெரல எடுக்கறதுக்கு" என்றார் தனலெட்சுமி. "சாயங்காலம் ஆறு மணிக்கு லாக்கரத் தொறந்தப்பதான் எனக்குத் தெரியும். அது வரைக்கும் ரெண்டாம் மாடி, அஞ்சாம் மாடின்னு நல்லாத்தான் கூப்டுக்கிட்டு இருந்தாங்க என்னைய."

மேலே வந்து, புத்தகத்தில் ஆறு பெயர் சேர்த்தேன். புதுத் திட்டப்படி மாடிக்கு ஒரு கையடக்கப் போன், ஆறு மாடிக்கு ஆறு பேர். தனலெட்சுமி, ரோஹானா, இஸ்மாயில், இன்னும் மூன்று பேர். கையெழுத்து அழகாக இருந்த ரோஹானாதான் எல்லார் பெயரையும் எழுதிக் கொடுத்தாள்.

ராமதாஸ் மறுநாளே பிடித்துவிட்டார். புத்தகத்தில் இருநூற்றுப் பதினாறு பேர் ஏன் என்று கேட்டார். சொன்னேன். அவர்கள் நம் ஆட்கள் இல்லை, காண்ட்ராக்ட்காரன் ஆட்கள் என்றார். இன்றைக்குப் புத்தகத்தில் பெயர், நாளைக்குத் தீபாவளிக்கு அன்பளிப்பு, அதற்கு மறுநாள் மருத்துவ அட்டை என்று அவருடைய கணக்கு நீண்டது. ஆஸ்பத்திரிப் போன் கதையைச் சொன்னேன். நிஜமாகவே முகம் வாடினார். பாவம் என்றார். அதற்கும் போன் புத்தகத்துக்கும் என்ன சம்பந்தம் என்றும் கேட்டார். சம்பந்தமே அதுதான் என்று சொன்னேன். "சுபா, ஒன்னோட வேலைய நிரந்தரமாக்குற லெட்டர் இன்னும் என் மேசையிலதான் இருக்கு" என்று மெதுவாகச் சொன்னார். எண் வேண்டுமானால் இருக்கட்டும், பெயர் வேண்டாம், கிளீனர்-1, கிளீனர்-2 என்று ஆறு வரை போடு என்று உத்தரவு.

பயந்துவிட்டேன். மறைப்பானேன்? ஆறு பெயரை அழித்து, ஆறு கிளீனர் போட்டேன். குடும்பப் பெயர் கட்டத்தைக் காலியாக விட முடியாதே, அதிலும் 'கிளீனர்' என்று போட்டேன். பதினேழாவது வரியில் அத்தனை முரண்டு பிடித்த சர்வர் இதை முணுமுணுக்காமல் வாங்கிக்கொண்டது. மலாய்க்காரர் இரண்டு பேர், தமிழர் மூன்று பேர், நேப்பாளி ஒருவர், எல்லாரும் ஒரே நாளில் ஒரே குடும்பம் ஆனார்கள். அன்றைக்கு என் மேல் எனக்கே வந்த கோபத்தில் மத்தியானம் சாப்பிடவில்லை.

புதுப் போன்கள் ஆறையும் அட்டைப் பெட்டியில் போட்டுக் கீழே எடுத்துப் போய் ஆறு பேருக்கும் நீட்டினேன். தனலெட்சுமி ஒன்றை எடுத்துப் பொத்தானை அழுத்தினார். திரையில் 'கிளீனர்-1' என்று வந்தது. என் பெயர் எங்கே என்று கேட்டார். நடந்ததைச் சொன்னேன். நான் பயந்ததையும் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. மற்றவர்கள் கையிலிருந்து ஐந்து போனையும் ஒவ்வொன்றாக வாங்கி, பெட்டிக்குள் அடுக்கி, மூடியை மடக்கி என்னிடம் நீட்டினார்.

"எங்க காண்ட்ராக்ட்ல கூட்டறது இருக்கு, தொடைக்கறது இருக்கு, குப்ப எடுக்கறது இருக்கு. போன் தூக்கறது இல்ல. பதினோரு வருஷமா சும்மா தூக்குனேன். இனிமே என் பேரு போட்டா தூக்குறேன். இல்லாட்டி வேணாம்."

மற்ற ஐந்து பேரில் ஒருவரும் கையை நீட்டிப் பெட்டியிலிருந்து தன் போனை எடுக்கவில்லை. எனக்குக் கலக்கமாக இருந்தது. அக்கா, வேலையை விட்டுத் தூக்கிவிடுவார்கள் என்றேன்.

"தூக்கட்டுமேலா" என்றார் தனலெட்சுமி. "தூக்கறதுக்கு லெட்டர் அடிக்கணும். லெட்டர்ல பேரு போடணும். அதுக்காச்சும் மேல இருந்து ஒருத்தர் எறங்கி வந்து கேக்கட்டும்."

திங்கட்கிழமை புதுப் போன்கள் ஓடத் தொடங்கின. பழைய மூன்றிலக்க எண்கள் ஒழிந்தன. 408-ஐ அழுத்தினால் அப்படி ஓர் எண் இல்லை என்று இயந்திரக் குரல் சொன்னது. புத்தகத்தில் தேடினால் கிளீனர்-1 முதல் 6 வரை வரிசையாக நின்றார்கள். அவர்களைக் கூப்பிட்டால் மூன்றாம் மாடியில் என் மேசைக்கு அடியில் ஓர் அட்டைப் பெட்டி அதிர்ந்தது. முதல் நாள் எண்ணினேன், இருபத்தாறு முறை. இரண்டாம் நாள் எண்ணுவதை விட்டுவிட்டேன். சார்ஜ் போடாமல் விட்டால் தானாக அடங்கிவிடும். நான் ஒவ்வொரு நாள் மாலையும் ஆறுக்கும் சார்ஜ் போட்டேன். எடுத்துப் பேசச் சொல்லி எனக்கு உத்தரவு எதுவும் இல்லை.

கட்டடம் அழுக்காகிவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். அட்டவணையில் எந்த நேரத்துக்கு எந்த மாடியோ, அந்த நேரத்துக்கு அந்த மாடி பளபளத்தது. கூப்பிட்ட குரலுக்கு ஓடி வருவது மட்டும் நின்றுபோனது. காப்பியைக் கொட்டியவன் தானே தாள் எடுத்துத் துடைத்தான். 'ஓய்' என்று வைத்திருந்தவன் பக்கெட் கேட்டுப் படிக்கட்டு இறங்கிப் போனதை நான் கண்ணால் பார்த்தேன். பார்க்க நன்றாக இருந்தது.

வியாழக்கிழமை பதினொரு மணிக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து ஆட்கள் வருவதாக ஏற்பாடு. புதுப் போன், பொதுப் புத்தகம் எல்லாம் பார்வையிட. பத்து முப்பத்தைந்துக்கு ஆறாம் மாடிக் கூட்ட அறையில் குளிர்சாதனப் பெட்டி ஒழுக ஆரம்பித்தது. ஒழுக்கு என்றால் சொட்டு இல்லை, குழாய் திறந்தது மாதிரி. இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், என் மேசைக்கு அடியில் பெட்டி பாடத் தொடங்கியது. கிளீனர்-6 அடித்து ஓய்ந்தது. கிளீனர்-5 அடித்தது. பிறகு நாலு, மூன்று, இரண்டு. யாரோ மேலிருந்து கீழே வரிசையாக இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். கிளீனர்-1 அடித்தபோது பெட்டியைத் திறந்து எடுத்துப் பார்த்தேன். அழைப்பது 'ராமதாஸ் ராமதாஸ்' என்று திரை சொன்னது.

பொத்தானை அழுத்தினேன். ஹலோ சொல்வதற்கு முன்பே, கிளீனர், உடனே ஆறாம் மாடிக்கு வா என்று மறுமுனை இரைந்தது.

மார்ச் மாதத்து நர்ஸின் காதில் விழுந்த அதே சொற்கள் என் வாயில் வந்து நின்றன.

"அந்தப் பேர்ல இங்க யாரும் இல்ல, மிஸ்டர் ராமதாஸ்" என்றேன்.

பத்து நிமிடத்தில் அவரே வந்தார். காலுறை நனைந்திருந்தது. என்ன விளையாட்டு இது என்று கேட்டார். விளையாட்டு இல்லை, நீங்கள் சொன்னபடிதான் புத்தகம் இருக்கிறது, புத்தகத்தில் இருப்பவர்கள் எல்லாரும் இந்தப் பெட்டியில் இருக்கிறார்கள் என்றேன். ஆட்கள் எங்கே என்றார். கீழே கூட்டிப்போய்க் காட்டினேன்.

பத்தே முக்கால் அவர்களுக்கு அட்டவணைப்படி தேத்தண்ணி நேரம். ஆறு பேரும் பின்பக்கப் படியில் உட்கார்ந்திருந்தார்கள். ராமதாஸ் வந்து நின்றார். பொதுவாகப் பார்த்து, கொஞ்சம் மேலே வாங்க என்றார். யாரும் எழவில்லை.

"யாரக் கூப்புடுறீங்க?" என்று கேட்டார் தனலெட்சுமி.

ராமதாஸ் வாயைத் திறந்தார். ஒரு பெயரும் வரவில்லை. தினமும் லிஃப்டில் பார்க்கிற முகம், பதினோரு வருடமாக. எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாகக்கூட இருந்தது, ஒரு நொடி. தனலெட்சுமி ஏப்ரன் பையிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்து நீட்டினார். ராமதாஸ் விரித்துப் படித்தார். 'டாய்லெட்' இருந்த இடத்தில் கண் நின்றதை நான் பார்த்தேன்.

"இந்த முப்பத்தொண்ணுல எதுவும் நான் இல்ல" என்றார் தனலெட்சுமி. "மேல வர்றேன். அதுக்கு முன்னால எங்க பேர நீங்களே அடிங்க. இந்தப் பிள்ளைய அடிக்கச் சொல்லாதீங்க. ஒங்க கையால."

மணி பத்து ஐம்பது. ராமதாஸ் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், மேல்தளத்தைப் பார்த்தார். உன் பெயரை மட்டும் இப்போது போடுகிறேன், மற்றதை நாளைக்குப் பார்க்கலாம் என்று பேரம் பேசினார். தனலெட்சுமி தேத்தண்ணிக் குவளையை மறுபடி வாயில் வைத்தார். அவ்வளவுதான் பேரம். ராமதாஸ் திரும்பி என் அறைக்கு நடந்தார். நாங்கள் ஏழு பேரும் பின்னாலேயே போனோம். அந்தக் குப்பை அறைக்குள் இத்தனை பேர் நின்றது அதுதான் முதல் தடவை.

என் நாற்காலியில் அவர் உட்கார்ந்தார். ஒவ்வொருவராகப் பெயர் சொல்ல, இரண்டு விரலால் தட்டித் தட்டி அடித்தார். ரோஹானா. இஸ்மாயில். நேப்பாளியின் பெயரில் தடுமாறி, மூன்று தடவை கேட்டு, சரியாக அடித்தார். அவரவர் குடும்பப் பெயர் கட்டத்துக்கு அவரவர் சொன்னது போனது. கடைசியாகத் தனலெட்சுமி.

பெயரை அடித்துவிட்டு அடுத்த கட்டத்துக்கு வந்தார். பழக்கத்தில், அப்பா பெயரா, வீட்டுக்காரர் பெயரா என்று கேட்டார்.

"எங்கப்பா இங்க வேல செய்யல. எங்க வீட்டுக்காரரும் செய்யல" என்றார் தனலெட்சுமி. "ஒங்களுக்குப் போட்டிருக்கற மாதிரியே போடுங்க. ரெண்டுலயும் என் பேரு."

ராமதாஸ் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் திரையைப் பார்த்தேன். பிறகு அடித்தார். தனலெட்சுமி தனலெட்சுமி. சேமி என்பதை அழுத்தினார். சர்வர் ஏற்றுக்கொண்டது. பெட்டியிலிருந்த முதல் போனின் திரையில் 'கிளீனர்-1' மறைந்து பெயர் வந்தது.

தனலெட்சுமி அந்தப் போனை எடுத்து ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டு, மாப்பையும் பக்கெட்டையும் கையில் எடுத்தார். ராமதாஸுக்கு உயிர் வந்தது. லிஃப்ட் பொத்தானை அவரே ஓடிப்போய் அழுத்தினார். லிஃப்ட் வந்து கதவும் திறந்தது. தனலெட்சுமி உள்ளே போகவில்லை. பக்கெட்டைக் கீழே வைத்துவிட்டு, என் சொந்தப் போனைக் கேட்டார். கொடுத்தேன். அலுவலகத்தின் பொது எண்ணை அவரே அழுத்தி, எல்லாருக்கும் கேட்கும்படி ஒலியைக் கூட்டினார்.

நூர்ஜான் எடுத்து வணக்கம் சொன்னார்.

"தனலெட்சுமின்னு ஒருத்தவங்க அங்க வேல செய்றாங்களா?" என்று கேட்டார் தனலெட்சுமி.

குரலை நூர்ஜான் அடையாளம் கண்டுவிட்டார் என்று எனக்குத் தோன்றியது. இந்தக் கேள்வியை அவர் மறந்திருக்க முடியாது. விசைப்பலகையில் தட்டும் ஒலி கேட்டது.

"இருக்காங்க" என்றார் நூர்ஜான். குரல் உடைந்திருந்தது. "இருக்காங்க. லைன்லயே இருங்க, குடுக்குறேன்."

தனலெட்சுமியின் ஏப்ரனுக்குள் போன் அடித்தது. அவர் எடுக்கவில்லை. லிஃப்ட் கதவு மூடப் பார்த்தது, ராமதாஸ் கையைக் கொடுத்து நிறுத்தினார். போன் அடித்துக்கொண்டே இருந்தது. ஆறு பேரும் நின்று கேட்டார்கள். நானும் கேட்டேன். எத்தனை தடவை அடிக்குமோ அத்தனை தடவையும் அடித்து ஓய்ந்தது.

"ஆஸ்பத்திரிலேருந்து கூப்ட அன்னிக்கும் போன் இங்கதான் இருந்திச்சு" என்று ராமதாஸிடம் சொன்னார் தனலெட்சுமி, பையைத் தொட்டுக் காட்டி. பிறகு பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு லிஃப்டுக்குள் போனார்.